திரு. ரக்பி

தென்மேற்குப் பிரான்சில், பிரனீஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் லூர்து என்னும் சிற்றூர் உள்ளது. மாதா திருத்தலத்தால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து பக்தர்கள் அங்கே திரண்டு வருகிறார்கள். ஆயினும், விளையாட்டு உலகில் அந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. பிரான்சு நாட்டு ரக்பி ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர் அந்த ஊரில்தான் பிறந்தார். அவர் பெயர் ஜான் பிராட்.

அவர் 1923 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாள் பிறந்தார். குடும்பத் தொழில் விவசாயம். அவர்களுடைய பண்ணைக்கு அருகிலேயே ஊரின் ரக்பித் திடல் இருந்தது. வீட்டை விட்டு வெளியே வந்தாலே வீரர்கள் பயிற்சி செய்வதைக் காணலாம். சிறுவன் ஜானுக்குப் பந்தும் திடலும் அன்றாட வாழ்க்கையின் பகுதியாயின. ஓடுவது, பந்தைப் பிடிப்பது, குறி பார்த்து உதைப்பது ஆகியவற்றை அவர் விளையாட்டாகவே கற்றுக்கொண்டார். அவருடைய தம்பி மோரிசும் அதே திடலில்தான் வளர்ந்தார். பின்னாளில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நாட்டின் சார்பில் விளையாடினார்கள்.

ரக்பி ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால் ஜான் பிராட்டின் திறமையை நன்கு புரிந்துகொள்ளலாம். ஓர் அணியில் பதினைந்து வீரர்கள் இருப்பார்கள். பந்து முட்டை வடிவில் இருக்கும். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால், முன்னால் நிற்பவருக்குக் கையால் எறியக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவருக்குத்தான் எறிய வேண்டும். எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தால் அது 'டிரை' எனப்படும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும் நொடியில் உதைத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே செலுத்தினால் அது 'டிராப் கோல்'. ஜான் பிராட் விளையாடிய காலத்தின் பெரும்பகுதியில் இவை ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளிகள் கிடைத்தன. டிரைக்குப் பின் கிடைக்கும் உதை வெற்றி பெற்றால் மேலும் இரண்டு புள்ளிகள் சேரும்.

ஓர் அணியின் பதினைந்து பேரில் எட்டுப் பேர் முன்னணி வீரர்கள். தோளோடு தோள் சேர்த்து எதிரணியை முட்டித் தள்ளிப் பந்தைக் கைப்பற்றுவது அவர்களுடைய வேலை. மற்ற ஏழு பேர் பின்னணி வீரர்கள். வேகமாக ஓடுவதும், நுட்பமாக உதைப்பதும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. ஜான் பிராட் முன்னணி வீரர். எட்டுப் பேர் கொண்ட அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பந்து வெளிவந்தவுடன் பாய்ந்து செல்வது அவருடைய பணி. ஆனால், அவர் அதோடு நின்றுவிடவில்லை. பின்னணி வீரர்களைப்போல் பந்தை எறிந்தார். கோலை நோக்கி உதைத்தார். டிராப் கோலும் அடித்தார். உடல் வலிமையும் நுட்பமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது அக்காலத்தில் அரிய செய்தியாக இருந்தது.

மூடப்பட்ட கதவு

ஜான் பிராட் எட்டு வயதை எட்டவிருந்த வேளையில் பிரான்சு ரக்பிக்குப் பெரிய தலைகுனிவு ஏற்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளுடன் பிரான்சு 1910 ஆம் ஆண்டு முதல் விளையாடி வந்தது. அதற்கு 'ஐந்து நாடுகள் போட்டி' என்று பெயர். 1931 ஆம் ஆண்டில் மற்ற நான்கு நாடுகளும் சேர்ந்து பிரான்சுடனான உறவை முறித்துக்கொண்டன.

அதற்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. பிரான்சு நாட்டுக் கழகங்களின் ஆட்டங்களில் வன்முறை மிகுந்துவிட்டது என்பது ஒன்று. அந்தக் கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுக்கின்றன என்பது மற்றொன்று. அக்காலத்தில் ரக்பி வீரர்கள் பணத்துக்காக விளையாடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. விதியை மீறுவோரோடு விளையாட முடியாது என்று அந்நாடுகள் கதவை மூடிவிட்டன. அதன்பின் பிரான்சு அணி ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளுடன் மட்டுமே விளையாட முடிந்தது. 1939 ஆம் ஆண்டில் பிரான்சை மீண்டும் சேர்த்துக்கொள்ள நான்கு நாடுகளும் இணங்கின. ஆனால், அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது, போட்டிகள் நின்றன.

ஜான் பிராட் போர்க்காலத்தில்தான் இளைஞராக வளர்ந்தார். நாடு ஜெர்மனியப் படைகளின் பிடியில் இருந்தது. 1944 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரம் விடுதலை பெற்றது. ஐரோப்பாவில் போர் இன்னும் ஓயவில்லை. அந்நிலையில், 1945 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரான்சு அணி பாரிஸில் பிரிட்டிஷ் இராணுவ அணியுடன் ஓர் ஆட்டம் ஆடியது. இருபத்தொரு வயது ஜான் பிராட் அன்றுதான் முதன்முறையாக நாட்டின் சீருடை அணிந்து களமிறங்கினார்.

1947 ஆம் ஆண்டில் ஐந்து நாடுகள் போட்டி மீண்டும் தொடங்கியது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பிரான்சு அதில் இடம்பெற்றது. கதவு திறந்துவிட்டது, ஆனால், மதிப்பு திரும்பிவிடவில்லை. பிரான்சு வீரர்கள் முரட்டுத்தனமாக ஆடுவார்கள், நெருக்கடி வந்தால் கட்டுப்பாட்டை இழப்பார்கள் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. அதுவரை பிரான்சு ஒருமுறைகூட அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றதில்லை. வேல்ஸ் மண்ணிலும் இங்கிலாந்து மண்ணிலும் வென்றதே இல்லை. புதிய தலைமுறை வீரர்கள் தங்கள் ஆட்டத்தால்தான் பழைய பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

படிப்படியாக ஏற்றம்

1948 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரான்சு அணி வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகருக்குச் சென்றது. ரக்பியை உயிராகப் போற்றும் நாடு வேல்ஸ். அங்கே பிரான்சு 11-3 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. வேல்ஸ் மண்ணில் அந்நாட்டை பிரான்சு வீழ்த்தியது அதுவே முதல் முறை.

அடுத்த சவால் இங்கிலாந்தின் டுவிக்கன்ஹாம் அரங்கம். இங்கிலாந்து ரக்பியின் கோட்டை என்று அதனைக் கூறலாம். 1951 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கீ பாஸ்கே தலைமையில் பிரான்சு அணி அங்கே களமிறங்கியது. அந்த ஆட்டத்திலும் பிரான்சு 11-3 என்று வென்றது. அந்தப் பதினொரு புள்ளிகளில் எட்டு ஜான் பிராட்டுக்கு உரியவை. ஒரு டிரை போட்டார். டிரைக்குப் பின் கிடைத்த உதையில் இரண்டு புள்ளிகள் பெற்றார். ஒரு டிராப் கோலும் அடித்தார். ஒரு முன்னணி வீரர் ஒரே ஆட்டத்தில் இம்மூன்றையும் செய்தது இங்கிலாந்து இரசிகர்களையும் வியக்க வைத்தது.

ஆயினும், பழைய குற்றச்சாட்டு அடங்கவில்லை. 1950களின் தொடக்கத்தில், பிரான்சு நாட்டுக் கழகங்கள் வீரர்களுக்குப் பணம் கொடுப்பதாக மீண்டும் புகார் எழுந்தது. பிரிட்டனின் ரக்பி அமைப்புகள் பிரான்சை எச்சரித்தன. மீண்டும் ஒருமுறை கதவு மூடப்படுமோ என்ற அச்சம் பரவியது. இத்தகைய சூழலில்தான் பாஸ்கேக்குப் பின் தேசிய அணியின் தலைமைப் பொறுப்பு ஜான் பிராட்டிடம் வந்தது.

அவர் மிக உயரமானவர் அல்லர். பேருருவம் கொண்டவரும் அல்லர். அவருடைய பலம் ஆயத்தத்தில் இருந்தது. லூர்து அணி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முரட்டு மோதலை மட்டும் நம்பாமல், பந்தை விரைவாகவும் துல்லியமாகவும் கைமாற்றி ஆடுவது அந்த அணியின் வழி. ஒவ்வொருவரும் தம் இடத்தை அறிந்திருந்தார்கள். பந்து எங்கே வரும், அடுத்தவர் எங்கே ஓடுவார் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியால் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கை ஜான் பிராட் தேசிய அணிக்கும் கொண்டு வந்தார்.

கறுப்புச் சீருடை அணியுடன் மோதல்

1954 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள், பாரிஸ் நகரை ஒட்டியுள்ள கொலோம்ப் அரங்கில் நியூசிலாந்து அணி பிரான்சைச் சந்தித்தது. கறுப்புச் சீருடை அணிந்து விளையாடும் நியூசிலாந்து அணியைக் கண்டால் எந்த நாடும் கலங்கும். பிரான்சு அதுவரை அந்த அணியை வென்றதே இல்லை.

அன்றும் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் பந்து நியூசிலாந்திடமே இருந்தது. அலை அலையாக அவர்கள் முன்னேறி வந்தார்கள். பிரான்சு வீரர்கள் அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வீழ்த்தினார்கள். எழுந்தார்கள், மீண்டும் ஓடிச் சென்று தடுத்தார்கள். தாக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எப்போதாவதுதான் கிடைத்தது. கிடைத்த அரிய வாய்ப்பு ஒன்றில் ஜான் பிராட் கோட்டைக் கடந்து டிரை போட்டார். அன்றைய ஆட்டத்தில் வேறு யாருமே புள்ளி எடுக்கவில்லை. 3-0 என்று பிரான்சு வென்றது. நியூசிலாந்துக்கு எதிராக அந்நாடு பெற்ற முதல் வெற்றியின் மூன்று புள்ளிகளும் அணித்தலைவரின் கையால் வந்தவை.

அதே ஆண்டில் ஐந்து நாடுகள் போட்டியிலும் பிரான்சு சிறப்பாக விளையாடியது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று அணிகளையும் வென்றது. வேல்ஸிடம் மட்டும் தோற்றது. இங்கிலாந்தும் வேல்ஸும் அவ்வாறே மூன்று வெற்றிகள் பெற்றிருந்ததால் மூன்று நாடுகளும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. பகிர்ந்துகொண்ட இடமாக இருந்தாலும், பிரான்சு முதலிடத்தில் நின்றது அதுவே முதல் முறை. வெளியேற்றப்பட்ட நாடு இப்போது முன்வரிசையில் நின்றது.

கைக்கெட்டிய தூரத்தில்

1955 ஆம் ஆண்டு ஜான் பிராட்டின் வாழ்க்கையில் மறக்க முடியாத ஆண்டு. பிரான்சு முதலில் ஸ்காட்லாந்தை 15-0 என்று வென்றது. பிறகு அயர்லாந்துக்குச் சென்று 5-3 என்று வென்றது. மூன்றாவது ஆட்டம் டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்துடன் நடந்தது. அந்த ஆட்டத்தில் ஜான் பிராட் இரண்டு டிராப் கோல் அடித்தார். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இங்கிலாந்து கடுமையாக நெருக்கியது. களைத்துப்போன தம் வீரர்களுக்கு அணித்தலைவர் உற்சாகமூட்டினார். தாமும் முன்னின்று தடுத்தார். பிரான்சு 16-9 என்று வென்றது. பிரிட்டிஷ் செய்தியாளர்கள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர்தான் 'திரு. ரக்பி'. பிரெஞ்சு மொழியில் அதனை 'மெஸ்ஸியே ரக்பி' என்பார்கள். ஒரு காலத்தில் பிரான்சு ரக்பியை ஏளனமாகப் பார்த்த நாட்டில், ஆட்டத்தின் பெயரையே ஒரு பிரான்சு வீரருக்குச் சூட்டி அழைத்தார்கள்.

இன்னும் ஓர் ஆட்டமே எஞ்சியிருந்தது. வேல்ஸையும் வென்றுவிட்டால் நான்கு அணிகளையும் ஒரே ஆண்டில் வென்ற பெருமை கிடைக்கும். ரக்பி உலகில் அதனைக் 'கிராண்ட் ஸ்லாம்' என்று அழைப்பார்கள். பிரான்சு அதனைப் பெற்றதே இல்லை. ஆட்டமும் சொந்த நாட்டில், கொலோம்ப் அரங்கில் நடைபெற இருந்தது. மார்ச் 26 ஆம் நாள் நாடே எதிர்பார்ப்போடு காத்திருந்தது.

ஆனால், அன்றைய நாள் வேல்ஸுக்கு உரியதாக அமைந்தது. பிரான்சு 11-16 என்று தோற்றது. இரு நாடுகளும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, அதுபோல ஆயிற்று. ஏப்ரல் மாதம் இத்தாலியுடன் நடந்த ஆட்டத்தோடு ஜான் பிராட் தேசிய அணியிலிருந்து விலகினார். கிராண்ட் ஸ்லாம் அவருடைய கைக்கு வரவே இல்லை.

பத்து ஆண்டுகளில் அவர் நாட்டுக்காக 51 ஆட்டங்கள் ஆடியிருந்தார். பிரான்சு அணிக்காக ஐம்பது ஆட்டங்களைக் கடந்த முதல் வீரர் அவர்தான். 9 டிரை, டிரைக்குப் பின் கிடைத்த உதைகளில் 26 வெற்றிகள், 15 தண்டனை உதை கோல்கள், 5 டிராப் கோல்கள் என மொத்தம் 139 புள்ளிகளை அவர் பெற்றுத் தந்தார். முன்னணி வீரர் ஒருவருக்கு இது வியப்பூட்டும் கணக்கு.

மீண்டும் லூர்து

தேசிய அணியை விட்டு விலகிய பின்னும் அவர் தம் ஊர் அணியைக் கைவிடவில்லை. பிரான்சில் ஆண்டுதோறும் கழகங்களுக்கு இடையே தேசிய வெற்றியாளர் போட்டி நடைபெறும். வெல்லும் அணிக்குப் 'பிரென்னஸ் கேடயம்' வழங்கப்படும். லூர்து அணி 1945, 1946 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டத்துக்கு வந்து தோற்றது. 1948 ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகக் கேடயத்தை வென்றது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றது.

வேல்ஸிடம் தோற்ற அதே 1955 ஆம் ஆண்டில் லூர்து அணி இறுதியாட்டத்தில் பெர்ப்பிஞான் அணியிடமும் தோற்றது. சில வார இடைவெளியில் இரண்டு பெரிய தோல்விகள். ஜான் பிராட்டுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. புகழோடு ஓய்வு பெற்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் பயிற்சித் திடலுக்குத் திரும்பினார். அவர் தலைமையில் லூர்து அணி 1956, 1957, 1958 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கேடயத்தை வென்றது. சிற்றூர் ஒன்றின் அணி பாரிஸ் உள்ளிட்ட பெருநகர அணிகளை எல்லாம் பின்தள்ளியது. ஜான் பிராட் லூர்து அணியோடு வென்ற கேடயங்கள் மொத்தம் ஆறு.

அந்த அணியில் விளையாடிய பலர் தேசிய அணியிலும் இடம்பெற்றார்கள். லூர்து திடலில் வளர்ந்த ஆட்டமுறை இவ்வாறு நாட்டின் ஆட்டமுறையோடு கலந்தது. 1959 ஆம் ஆண்டில் பிரான்சு, யாருடனும் பகிர்ந்துகொள்ளாமல் தனியாக, ஐந்து நாடுகள் போட்டியில் முதலிடம் பெற்றது. 1968 ஆம் ஆண்டில், ஜான் பிராட்டின் கையை விட்டு நழுவிய கிராண்ட் ஸ்லாமையும் முதன்முறையாக வென்றது. அந்த வெற்றிகளின்போது அவர் களத்தில் இல்லை. ஆயினும், அவற்றுக்கான அடித்தளத்தை இட்டவர்களில் அவர் முதன்மையானவர்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், 1960களில் அவர் தேசிய அணியின் பயிற்றுநராகவும் பணியாற்றினார். தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். 2005 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தம் 81 ஆம் வயதில் ஜான் பிராட் காலமானார்.

ஒருவர் இழந்த பொருளைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கிவிடலாம். இழந்த நற்பெயரை அப்படி வாங்க முடியாது. 1931 ஆம் ஆண்டில் பிரான்சு ரக்பி இழந்தது நற்பெயரைத்தான். அந்தத் தவறுகள் நிகழ்ந்த காலத்தில் ஜான் பிராட் சிறுவர். அவற்றில் அவருக்குப் பங்கில்லை. எனினும், அவற்றின் சுமையை அவருடைய தலைமுறைதான் சுமக்க நேர்ந்தது. அவர் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. பத்து ஆண்டுகள் திடலில் உழைத்தார்; ஆட்டத்துக்கு ஆட்டம் நாட்டின் மதிப்பை உயர்த்தினார். பண்ணைக்கு அருகே பந்து உதைத்துப் பழகிய லூர்துச் சிறுவன், எதிரணி நாட்டினரே 'திரு. ரக்பி' என்று மரியாதையோடு அழைக்கும் வீரராக உயர்ந்த வரலாறு இதுவே.